அமாவாசையன்று ஒரு வகுப்பு

கதவைத் திறந்ததும் புளித்த மாவின் வாடை முகத்தில் அடித்தது. காலையில் அரைத்து வைத்துவிட்டுப் போன இட்லி மாவு, மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, மேடையில் வழிந்து, அடுப்பின் கால்களைச் சுற்றி நின்றது. பங்குனி மாதத்துக் கல்கத்தா வெயிலில் மாவு யாருக்காகக் காத்திருக்கும்? நான் வருவதாகச் சொன்ன நேரம் ஒன்று, வந்த நேரம் வேறு. மாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கும்படி மாமாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். சொல்லாவிட்டால் என் மாமனார் ஃப்ரிட்ஜைத் திறக்க மாட்டார், உனக்குத்தான் தெரியுமே. தோள்பையைக்கூட இறக்காமல் அந்த வாடையில் நின்றேன். நீ இருந்திருந்தால் இந்த மாவு வழிந்திருக்காது.

உன் வீட்டுச் சாவி இன்னும் என் கொத்தில்தான் இருக்கிறது. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம், இத்தனை வருடம் கழித்து கல்கத்தா டாக்குரியாவில் ஒரே கட்டடத்தில், மேல் வீடும் கீழ் வீடுமாக வந்து சேர்வோம் என்று யார் நினைத்தார்கள்? நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்த வாரம் நீயே இறங்கி வந்து, சாவியை என் கையில் வைத்து, என் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். "மாவு பொங்கினா நான் எடுத்து வைக்கிறேன். பால் திரிஞ்சா திட்டாத, அது மட்டும் என் கையில இல்ல" என்றாய். நீ கல்யாணம் வேண்டாமென்று இருந்தவள். சாயங்காலத்தில்தான் பிள்ளைகள் கணக்கு ட்யூஷனுக்கு வருவார்கள், பகலெல்லாம் நீ சும்மாதான் இருக்கிறாய் என்று என்னை நம்ப வைத்திருந்தாய்.

நாற்பத்தாறு வயதில் திரும்பப் படிக்கப் போகிறேன் என்றபோது எல்லோரும் பாடம் கஷ்டமாக இருக்கும் என்றுதான் பயமுறுத்தினார்கள். பாடம் கஷ்டமில்லை. நேரம்தான் கஷ்டம். எங்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களில் பாதிப் பேர் கோர்ட்டில் வாதாடுகிற வக்கீல்கள். அவர்கள் கேஸ் எப்போது கூப்பிடப்படும் என்று அவர்களுக்கே தெரியாது. காலை வகுப்பு மதியத்துக்குப் போகும், மதிய வகுப்பு மறுநாள் விடியற்காலைக்கு வரும். இந்த ஊரில் வகுப்பு அட்டவணைக்கு ருட்டீன் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் எங்கள் கல்லூரிப் பக்கமே வந்திருக்க மாட்டார். சாயங்காலம் நீ மாடிப்படியில் நின்று, "என்னடி, ருட்டீன் வந்துச்சா?" என்று கேட்பாய். நான் உதட்டைப் பிதுக்குவேன். "உங்க சார் கோர்ட்டுல சீக்கிரம் தோத்துட்டா உனக்கு கிளாஸ் இருக்கும். தோக்கணும்னு வேண்டிக்கோ" என்பாய்.

அதுவரை என் வீடு கடிகாரத்தில் ஓடிய வீடு. காபி, குளியல், விளக்கு, சமையல், மாமாவின் இன்சுலின் ஊசி, மாமாவின் சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி இருந்தது. ஒன்று நகர்ந்தால் அன்றைக்கு முழுவதும் எல்லோர்மேலும் எரிந்து விழுவேன். முதல் செமஸ்டரில் ஒருநாள், விளக்கேற்றாமல் ஓடிப்போன குற்றத்துக்காக வகுப்பில் ஒரு வார்த்தை ஏறாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, உன் வீட்டு நாற்காலியில் விழுந்து அழுதேன். நீ என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "தூர்!" என்று வங்காளத்தில் ஒரு சலிப்பு. அப்புறம்தான் சொன்னாய்: "கடிகாரத்தோட கட்டாதடி. அது உன் கையில இல்ல. வேலைய வேலையோட கட்டு. எப்பக் குளிக்கிறியோ அப்ப விளக்கு. எப்ப டிகாக்‌ஷன் எறங்குதோ அப்பப் படிப்பு. மணி என்னவா இருந்தா என்ன?"

அது நான் நினைத்ததைவிட நன்றாக ஓடியது. ஃபில்டரில் வெந்நீரை ஊற்றிவிட்டு சாட்சியச் சட்டத்தைப் பிரிப்பேன். டிகாக்‌ஷன் சொட்டி முடிகிற வரையில் படிப்பு. குழம்பு கொதிக்கும்போது நேற்றுப் படித்ததை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். நீ பால்கனியில் என் தலையைப் பின்னிக்கொண்டே புத்தகத்தை மடியில் வைத்துக் கேள்வி கேட்பாய். "ரெஸ் ஜுடிகாட்டாவா? பேரே ஏதோ பாயசம் மாதிரி இருக்கு. அப்படீன்னா என்ன, சொல்லு." ஒரு தடவை தீர்ந்துபோன வழக்கை மறுபடி கிளப்ப முடியாது என்று நான் சொன்னால், "அப்ப உன் வீட்டுக்காரருக்கு இது தெரியாது போல" என்று சிரிப்பாய். அவர் அப்போதே, "எதுக்கு இவ்வளவு அல்லாடற, விட்டுடேன்" என்று வாரம் ஒருமுறையாவது கிளப்பிக்கொண்டிருந்தார். சால்ட் லேக் ஆபீசுக்கு விடிந்ததும் கிளம்பி இருட்டியபின் திரும்புகிறவர். வீடு எப்படி ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. உண்மையில் எனக்கே முழுக்கத் தெரிந்திருக்கவில்லை.

துர்கா பூஜைப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த வாரத்தில் உனக்கு ஜுரம் வந்தது. "கொசு கடிச்சிருக்கும், போடி கிளாஸுக்கு" என்றாய். டெங்கு என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் நீ, நான் கொண்டுவந்த ரசத்தில் உப்பு இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் நீ ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தில் ஒருத்தி போய்விட முடியும் என்பதை என்னால் இன்னும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உன் அண்ணன் சென்னையிலிருந்து வந்து எல்லாம் முடித்தார். வீட்டை விற்றுவிட்டார்.

உனக்குச் சொல்லாமல் வைத்திருப்பது கார்த்திகை மாதத்து அமாவாசையைப் பற்றி. சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை வகுப்பு. விடியலிலேயே குளித்து, வெங்காயம் பூண்டு இல்லாமல் வாழைக்காய், பூசணி, பருப்பு என்று எல்லாம் சமைத்து மூடிவைத்துவிட்டுப் போனேன். மதியத்துக்குள் திரும்பி, காக்கைக்குச் சோறு வைத்து, மாமாவுக்குப் பரிமாறலாம் என்று கணக்கு. கல்லூரிக்குள் கால் வைத்ததும் செய்தி வந்தது: சாரின் கேஸ் இழுக்கிறது, வகுப்பு மதியம்தான். வருகைப் பதிவில் ஏற்கெனவே ஓட்டை. வீட்டுக்குப் போய்த் திரும்பிவர நேரமில்லை. மாமாவுக்குப் போன் செய்தேன். "எனக்கு லேட்டாகும் மாமா, நீங்க போட்டுச் சாப்பிட்டுடுங்க." "சரிம்மா, நீ படி" என்றார். நானும் நிம்மதியாகப் புத்தகத்தை விரித்தேன்.

வகுப்பின் நடுவில் போன் அதிர்ந்தது. எதிர்க் கட்டடத்து வங்காளி அம்மா; அண்ணி என்கிற அர்த்தத்தில் பௌதி என்று கூப்பிடுவோம். "தாடாதாடி ஏஷோ" என்று கத்தினாள், சீக்கிரம் வா என்று. மாமா பால்கனி நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடப்பதைத் தன் ஜன்னலிலிருந்து பார்த்து ஓடிவந்திருக்கிறாள். நல்லவேளை, நான் வருவேன் என்று அவர் கதவைத் தாழிடவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குழறி இருந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய வீட்டுக்காரருக்கும் அதே கதைதான். சர்க்கரை இறங்கிவிட்டது என்று சட்டென்று புரிந்து, தன் வீட்டு ரசகுல்லாவைக் கொண்டுவந்து, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறாள். நான் ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். சமைத்ததெல்லாம் மூடியபடியே இருந்தது.

"ஏன் மாமா சாப்பிடல? ஊசி போட்டுட்டு யாராவது சாப்பிடாம இருப்பாங்களா?" என்று கத்திவிட்டேன். அவரை எதிர்த்து நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"காக்காய்க்கு வைக்கலியேம்மா" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அமாவாசையன்று, காலமான என் மாமியார், அத்தைக்கு என்று காக்கைக்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் இந்த வீட்டில் சாப்பாடு. வீட்டுப் பெண்பிள்ளைதான் வைக்க வேண்டும், அது அவருடைய பிடிவாதம். நான் வரமாட்டேன் என்று தெரிந்தும் காத்திருந்தாரா? இதற்கு முன்னாலும் எத்தனையோ அமாவாசைகளில் எனக்கு வகுப்பு இருந்ததே, அப்போதெல்லாம் என்ன செய்தார்?

"அவதான் வந்து வைப்பா" என்றார், மாடியைப் பார்த்து. "கிளாஸ் தள்ளிப்போச்சுன்னு நீ அவளுக்குச் செய்தி போடுவியே, உடனே எறங்கி வந்துடுவா. 'இப்பத்தான் மறுபடி குளிச்சேன் மாமா'ன்னு சொல்லிட்டுத்தான் கிண்ணத்தத் தொடுவா. 'வாங்க அத்தை'ன்னு கூப்பிடுவா. காக்கா எடுத்ததும் உள்ள வந்து, 'ம், இப்ப ஊசி போட்டுக்குங்க'ம்பா. இன்னிக்கு நான் கடிகாரத்தப் பாத்துப் போட்டுட்டேன்மா. அது தப்பாப் போச்சு."

நீயா? சாமியும் இல்லை, பூதமும் இல்லை என்று என் பூஜை அறையைக் கிண்டல் செய்தவள். நான் பால்கனியில் நின்று கா கா என்று கூப்பிடும்போது மேலேயிருந்து, "வரலைன்னா சம்மன் அனுப்புடி" என்று எட்டிப் பார்த்துச் சிரித்தவள். எனக்குத் தெரிந்தால் நான் வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் நீயும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் என்னவோ வேலையை வேலையோடு கட்டி என் சாமர்த்தியத்தில் வீட்டை ஓட்டுகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவிழ்ந்த முடிச்சுகளையெல்லாம் நீ பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். அன்று சாயங்காலம் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. செத்துப்போனவள்மேல் கோபப்பட்டால் சண்டை போடவாவது ஆள் வேண்டாமா?

அதற்குப் பிறகு அமாவாசையன்று வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மார்கழிக்கும் தைக்கும் போகவில்லை, மாசிக்கும் போகவில்லை. அமாவாசை இல்லாத நாட்களிலும், நேரம் மாறிவிட்டது என்று செய்தி வந்தால் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவேன். ஃபில்டர் சொட்டும்போது புத்தகத்தைத் திறந்தால் காதெல்லாம் பால்கனியில் இருக்கும். கடைசி வருடம் இது. இனி வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். விட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் இந்தத் தடவை "விட்டுடு" என்று சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாமாதான் பேசினார். "என் ஒருத்தனுக்காக நீ படிப்ப நிறுத்தினா, மேல போய் உங்க அத்தைக்கும் நான் பதில் சொல்லணும், உன் சிநேகிதிக்கும் சொல்லணும். அத்தைய சமாளிச்சுடுவேன். அவகிட்ட என்னால வாய் குடுக்க முடியாது."

இன்று பங்குனி அமாவாசை. காலை வகுப்பு. நான் கிளம்பும்போது மாமா குளித்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டி, தானே பால்கனிச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மொதல்ல காக்கா, அப்புறம் ஊசி, அப்புறம் சாப்பாடு. மணியப் பாக்க மாட்டேன். போதுமா?" என்றார். பெண்பிள்ளைதான் வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. போனேன். எதிர்பார்த்தது போலவே வகுப்பு தள்ளிப்போனது. சார் பேசியது பாதி காதில் விழவில்லை. நடுவில் வெளியே வந்து போன் செய்தேன். "சாப்பிட்டாச்சும்மா" என்றார். நம்பவில்லை. பௌதிக்குப் போன் செய்து கேட்டேன். ஆமாம், அவர் சாப்பிட்டதை ஜன்னலிலிருந்து பார்த்தேன் என்றாள். அதன் பிறகுதான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

மாவு வாடையில் நின்றவள் பால்கனிக்குப் போனேன். மாமா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தேன், நெற்றியில் வேர்வை இல்லை. சுவர்மேல் இரண்டு இலைத் துண்டுகள். ஒன்றில் பருப்புச் சோறு ஒட்டிய அடையாளம். இன்னொன்றில் தயிர்சாதம், பாதி மீந்திருந்தது. அமாவாசைக்கு நாங்கள் காக்கைக்குத் தயிர்சாதம் வைப்பதில்லை.

அவர் விழித்துக்கொண்டார். "அது யாருக்கு மாமா?" என்றேன்.

"அவளுக்குத்தான். தயிர் இல்லாம அவளுக்கு எறங்காதே. நம்ம வழக்கத்துல இல்லதான். இல்லாட்டி என்ன?" மீந்த இலையைக் காட்டினார். "உங்க அத்தை உடனே வந்துட்டா. இவ லேட்டாத்தான் வந்தா. ருட்டீன மாத்திட்டாங்க போல."

சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். மாமா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையைத் துடைத்துவிட்டேன். மீந்த மாவில் ராத்திரிப் பலகாரத்துக்குத் தோசை வரும், இட்லிக்கு ஆகாது. நாளைக்கு வகுப்பு எப்போது என்று இன்னும் செய்தி வரவில்லை. பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன் வீட்டில் புதிதாக வந்தவர்கள் பூட்டை மாற்றிவிட்டார்கள், என் கொத்தில் இருக்கும் சாவி இனி எந்தக் கதவையும் திறக்காது. இருந்தும் அதைக் கழற்றவில்லை. காலையில் கொத்தை எடுக்கும்போது மற்ற சாவிகளோடு அதுவும் குலுங்குகிறது, மாடிப்படியில் நின்று "போடி, நான் பாத்துக்கறேன்" என்று நீ சொல்வது கேட்கிறது. இனிமேல் நீ பார்த்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். தெரிந்துதான் நாளைக்கும் போகப்போகிறேன்.