பட்டியலில் ஒரு பழனிச்சாமி

26-10-78, வியாழன்

வில்லேஜ் ஆபீஸுக்குத் திருவனந்தபுரத்துல இருந்து கம்ப்யூட்டர் அச்சடிச்ச நிலப் பட்டியல் வந்துருக்குது. பெரியப்பன் மகன், நான், சித்தப்பன் மகன், மூணு பேருக்கும் தாத்தன் பேருதான், பழனிச்சாமி. நிலக் கணக்குக் குடுத்த பாரத்துல மூணு பேருக்கும் பொதுவான வீட்டுப் பேரை மட்டும் கேட்டாங்க, அப்பன் பேரைக் கேக்கலை. மிஷின் எங்களை ஒரே ஆளாக்கி நிலத்தையும் ஒண்ணாச் சேர்த்துருச்சு. ஒரு ஆளு வெச்சுக்கலாம்கற நில வரம்பு மீறிப்போச்சு, மிச்சத்தை அரசாங்கம் எடுத்துக்குமாம். மிஷின் தப்புப் பண்ணாதுன்னு ஆபீசர் சாதிக்கிறார். அதுக்கு எழுதிக் குடுத்தது மனுசன்தானே?

நாளைக்கு மூணு பேரும் ஒண்ணாப் போய் நிக்கோணும்னேன். பெரியவர் தலையாட்டினார். சின்னவன் பட்டியலையே பார்த்துட்டு இருந்தான்.

"ஏனுங்கண்ணா, இதுல இருக்கற அந்த ஒரு பழனிச்சாமி யாருங்க?"ன்னான்.

கேக்கறப்ப அவன் சிரிக்கலை.

என்னோட நிலப் பத்திரத்தை எடுத்துத் தலகாணிக்கடியில வெச்சுட்டேன்.