தம்பி படிக்காத மூன்றாம் பக்கம்

ஜூன் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

நலம்தான், கோபத்தைத் தவிர வேறு வியாதி இல்லை. போன் செய்தால் மீட்டிங் என்கிறாய், அதனால் கடிதம்.

ரிடையர் ஆன பிறகு ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன், கையோடு எடுத்துப்போக ஒரு சின்ன லேப்டாப் பார்த்துச் சொல் என்று உன்னைக் கேட்டேன். தோள்பையில் அடங்க வேண்டும், அழுத்தினால் விரலுக்குத் தெரிகிற பொத்தான்கள் வேண்டும், காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம் வரை தாங்க வேண்டும். நீ உன் பழைய டேப்லெட்டை அனுப்பி, "எழுதுறதுக்கு இது போதும்க்கா" என்றாய். கண்ணாடியில் தட்டி எழுதுவது ஈரப் பலகையில் சாக்பீஸ் பிடிப்பது போல. ஆனாலும் பழகிக்கொண்டேன்.

பதினொரு நாள், ரயிலிலும் பஸ்ஸிலும் உட்கார்ந்து, அம்மாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். நேற்று திறந்தால் காணோம்! எதை அழுத்தித் தொலைத்தேனோ, என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மீட்க வழி இருந்தால் உடனே எழுது. பதினெட்டாம் தேதிக்குள் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

நீ எதையும் அழுத்தவில்லை. நான்தான் அழித்தேன்.

அந்த டேப்லெட் என் கணக்கில் இருக்கிறது. நீ அதில் எழுதுவதெல்லாம் எங்கள் ஹால் கம்ப்யூட்டரிலும் வந்து நிற்கும். கணக்கை மாற்ற மறந்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பொண்ணு அதைத் திறந்து சத்தமாகப் படித்தாள்: 'அம்மா படுத்திருந்த கடைசி ஏழு மாதத்தில் தம்பி வந்தது இரண்டே முறை.' படித்துவிட்டு என்னைப் பார்த்து, "நிஜமாப்பா?" என்றாள். அந்தப் பார்வை உன்மேல் விழுந்திருந்தால் தெரிந்திருக்கும்.

வேலையை விட்டு ஓடிவர முடியாமல் நான் தவித்தது உனக்குத் தெரியாதா? ஊரைக் கூட்டி என்னை நிற்கவைக்கத்தான் எழுதுகிறாயா? குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கிவிட்டேன், மீட்க முடியாது. எழுத உனக்கு வேறு விஷயமா இல்லை?

தம்பி


ஜூன் 11

சின்னவனே,

முப்பத்து நாலு வருஷம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். முதல் பக்கத்தை மட்டும் பார்த்து எவனையும் ஃபெயில் ஆக்கியதில்லை. ஒருத்தன் முதல் பக்கம் முழுக்க அடித்தும் கிறுக்கியும் வைத்திருந்தான். கடைசிப் பக்கத்தில் அழகான பதில் இருந்தது. நீ என் பேப்பரைத் திருத்தக்கூட இல்லை, கிழித்துப் போட்டாய். பேனா வாங்கிக் கொடுத்தவன் டைரியில் கைவைக்கலாமா?

உன் டேப்லெட் பார்சலில் வருகிறது. நேற்றே கடைக்குப் போய் நானே ஒன்று பார்த்து எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் பையில் போட்டுத் தோளில் மாட்டி, கடைக்குள்ளேயே நாலு நடை நடந்தேன். "டீச்சரம்மா, இது லேப்டாப், செருப்பு இல்லீங்க" என்று கடைக்காரர் சிரித்தார். "நடக்கிறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். ஒரு கிலோகூட இல்லை. கணக்கு என் பெயரில். கடவுச்சொல் எனக்கு மட்டும்.

ஒரே கேள்வி, ஒரு வரியில் பதில் போதும். எத்தனை பக்கம் படித்தாய்?

அக்கா


ஜூன் 15

அக்கா,

ஒரு பக்கம். வயிறு எரிய அதுவே போதும்.

என் பொண்ணு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மீதியில் அப்படி என்னதான் எழுதியிருந்தாய்?

தம்பி


ஜூன் 19

சின்னவனுக்கு,

மூன்றாம் பக்கம் முழுக்க நீதான். இரண்டாம் முறை வந்தபோது, லிஃப்ட் கெட்டுப்போன அன்று, அம்மாவை முதுகில் சுமந்து நாலு மாடி இறக்கினாயே, அது. ஒவ்வொரு மாடியிலும் நின்று, கண்டக்டர் மாதிரி, "இறங்கறவங்கல்லாம் இறங்குங்க!" என்று கத்தினாய். அம்மா சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. 'ஏழு மாதம் கூடவே இருந்தவள் நான், சிரிக்கவைத்தவன் அவன்' என்று எழுதியிருந்தேன்.

புது லேப்டாப்பில் மறுபடி எழுதினேன். முதல் இரண்டு பக்கமும் ஒரு சொல் பிசகாமல் வந்தன. கோபத்தில் அதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது வரவேயில்லை. எழுதிப் பார்த்ததெல்லாம் நடத்தைச் சான்றிதழ் போல இருந்தது. நேற்று இரண்டு பக்கத்தையே அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் வெளிவருகிறது. உன் பொண்ணு படிப்பாள்.

இன்னொன்று. இரண்டாம் மாடியில் அம்மா உன் காதில் ஏதோ சொன்னாள். சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த எனக்குக் கேட்கவில்லை. அந்த இடத்தில் ஒரு வரி காலியாக விட்டு, 'சின்னவனைக் கேட்க வேண்டும்' என்று குறித்து வைத்திருந்தேன்.

இனிக் கேட்கப் போவதில்லை.

அக்கா