கிளட்ச் இல்லாத வண்டி

அண்ணா, சொன்னால் சிரிப்பாய். போன வாரம் கம்பெனி பஸ்ஸில், அத்தனை பேர் பார்க்க அழுதுவிட்டேன். மாதனூர் தாண்டும்போது முன்னால் போன லாரியின் பிரேக் சூடாகி, கருகின வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எல்லாரும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் பிரியாணி வாசம் மாதிரி இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண் இரண்டும் கொட்ட ஆரம்பித்தது. பக்கத்து சீட்டுக்காரி எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து, சாப்பாட்டுக் கவரைக் காலி பண்ணி நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவளிடம் என்னவென்று சொல்வது?

எனக்கு அது உன் கேரவன் வாசம்.

நீ வேலை செய்த, தோல் பதனிடுகிற ஷாப்பின் முதலாளி, குடும்பத்தோடு ஊர் சுற்ற வாங்கின வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ். அதுவரை துறைமுகத்துக்குத் தோல் லோடு அடித்துக்கொண்டிருந்த உன்னை அதற்கு டிரைவர் ஆக்கினார். முதல் நாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாய். "நம்ம வீட்ட விட இதுல ரூம் ஜாஸ்தி" என்றாய். "இனிமே உனக்குப் பொண்ணு கெடைக்கும்ணா. கட்டிலோட வர்ற மாப்பிள்ள வேற எங்க இருக்கான்?" என்றேன். ஐம்பது தாண்டின கல்யாணம் ஆகாத ஆளிடம் தங்கச்சி பேசுகிற பேச்சா என்று துண்டால் அடித்தாய்.

ஆனால் நீ ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சர்க்கரை உன் இடது காலைத் தின்ன ஆரம்பித்திருந்தது. முதலில் "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றாய். அப்புறம் ஒரு நாள், "எறும்பும் போயிடுச்சும்மா" என்றாய். லாரியில் கிளட்ச்சை மிதித்தால் மிதித்தது தெரியவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார். அந்த நேரத்தில் இந்த வண்டி வந்தது. "இதுல கிளட்ச்சே இல்ல. இடது காலுக்கு வேலையே இல்ல. எனக்குன்னே செஞ்ச வண்டி" என்றாய். போதாததற்கு குரூஸ் வேறு. ரோட்டில் ஒரு வேகம் வைத்துப் பட்டனை அழுத்தினால் வண்டி அதே வேகத்தில் தானாகப் போகும், வலது காலுக்கும் லீவு.

அந்த குரூஸ்தான் வேலை செய்யவில்லை. பட்டனை அழுத்தினால் மீட்டரில் பச்சை விளக்கு எரியும், உடனே அணையும். "உன்ன மாதிரிதான்ணா, ஆச காட்டிட்டு ஓடிப்போவுது" என்று சொல்லி அதற்கும் அடி வாங்கினேன். ஃப்யூஸ் மாற்றினாய். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாய். அடுத்த வாரம் முதலாளி குடும்பம் ஊட்டிக்குக் கிளம்புகிறது. அதற்குள் சரி பண்ணாவிட்டால் வேலூர் ஒர்க்ஷாப்புக்கு அனுப்பி வேறு ஆள் ஓட்டிப் பார்ப்பார்கள், அப்படியே அவனையே டிரைவர் ஆக்கிவிடுவார்கள் என்று உனக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை ஷாப்பு லீவு. உனக்கு சோறு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தேன். ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அப்போதுதான் வண்டியைச் சுவரோரம் நிறுத்தியிருந்தாய். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரத்துப் பக்கமிருந்து அந்தக் கருகின வாசம். எங்கிருந்து வருகிறது என்று பின்னால் போய்ப் பார்த்தேன்.

"அண்ணா, உன் வண்டி வெக்கப்படுது. பின்னாடி செவந்து கெடக்கு."

"பிரேக் லைட்டா? நான் பிரேக்கே மிதிக்கலியே!"

சொல்லி முடிப்பதற்குள் உனக்குப் புரிந்துவிட்டது. சீட்டிலேயே குதித்தாய். "கெடச்சிடுச்சும்மா! பிரேக் போட்டுக்கினே இருக்கேன்னு வண்டி நெனைக்குது. பிரேக் மிதிச்சா குரூஸ் கட் ஆயிடும் இல்ல? அதான்!" கீழே இறங்கி, குனிந்து பெடலைப் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தாய். "எல்லாம் உன் வேலதான்!"

செருப்பு வழுக்குகிறது என்று நீ சொன்னதற்கு, நான் வேலை செய்கிற ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட தோலை இரண்டு மடிப்பாக வைத்து பிரேக் பெடலுக்கு நான்தான் உறை தைத்துக் கொடுத்திருந்தேன். ஸ்டியரிங், கியர், டிபன் கூடையின் பிடி என்று நம் ஊரில் எதற்குத்தான் தோல் உறை போடாமல் விட்டோம்? "இட்லித் தட்டு அகலத்துக்குத் தெச்சிருக்கா பாரு, அந்தக் கனமே பெடல இழுக்குது" என்று கத்தியால் அறுத்து என்மேல் எறிந்துவிட்டு மறுபடி சீட்டில் ஏறினாய். "இப்ப போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். சிவப்பாகவே இருந்தது.

"எரியுதுண்ணா. கால எடு."

"எடுத்துட்டேன்."

"இன்னும் எரியுது. கால எடுன்னா!"

"எடுத்துட்டேன்னு சொல்றேன் இல்ல? கண்ணு இன்னா பின்னாடியா இருக்கு?"

சண்டை போடத்தான் கதவுப் பக்கம் வந்தேன். உன் வலது கால் வெளியே படிக்கட்டில் இருந்தது. இடது கால் பிரேக் மேல் இருந்தது. லாரியில் கிளட்ச் இருக்கிற இடத்தைத் தேடிப் போய், அது இல்லாததால் பக்கத்தில் இருந்த பெடலில் ஏறி உட்கார்ந்திருந்தது. நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

குனிந்து உன் காலை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தேன். நீ தற்செயலாகப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாய். பின்சுவரில் விழுந்திருந்த சிவப்பு அணைந்தது.

"எவ்ளோ நேரமா அங்க இருந்துச்சு?"

"தெரியலண்ணா."

கையால் அந்தக் காலைத் தட்டிப் பார்த்தாய். அப்புறம், "என்னக் கேக்காமலே போயிருக்கு பாரு" என்றாய், வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. நான் என்னென்னவோ உளறினேன். கால மடிச்சு வெச்சுக்கோ, சீட்டோட சேத்துக் கட்டிக்கோ, யாருக்குத் தெரியப் போவுது?

"நான் ஓட்டறப்ப பின்னாடி கட்டில்ல கொழந்தைங்க தூங்கும்மா" என்றாய்.

அவ்வளவுதான். கொண்டுவந்த சோற்றை நீ தொடவில்லை. நேராக முதலாளி வீட்டுக்குப் போனாய். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். சாவியை அவர் கையில் வைத்து, "குரூஸ் நல்லாத்தான் இருக்கு மொதலாளி. டிரைவரதான் மாத்தணும்" என்றாய். தமாஷ் என்று நினைத்து அவர் சிரித்தார். நீயும் கூடச் சிரித்திருந்தால் வேலை தப்பியிருக்கும். நீ சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது கேட்டுப் பக்கத்திலேயே உன் இடது செருப்பு கழன்றுவிட்டது. உனக்குத் தெரியவில்லை, நடந்துகொண்டே இருந்தாய். நான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரே நாளில் இரண்டு தடவை எப்படிச் சொல்வது? தெருமுனையில் நீ குனிந்து பார்க்கும்வரை அது என் கையில்தான் இருந்தது.

அப்புறம் புண் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, முதலில் விரல், பின்பு பாதம். கடைசியாக நீ. ஸ்டியரிங் இல்லாத கை எங்கே போவது என்று தெரியாமல் போர்வையைப் பிடித்துக்கொண்டே கிடந்ததை நான் இன்னும் பார்க்கிறேன்.

இப்போது என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல போ" என்கிறார். உன்னை மாதிரியே சொல்கிறார். அதனால் நானே சோதிக்கிறேன், அவருக்குத் தெரியாமல்.

நேற்று மத்தியானம் அவர் காலை நீட்டி உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சாம்பார் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போனவள், குனிந்து அவர் கட்டைவிரலைக் கிள்ளினேன். உதைத்தார். சாம்பார் முழுவதும் என் புடவையில். கிண்ணம் டி.வி.க்கு அடியில் போய்விட்டது.

காலில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது.