அம்மா ஏற மறுத்த முன் சீட்டு

திட்டவும் தோன்றுகிறது, கட்டிக்கொள்ளவும் தோன்றுகிறது, என் அப்பாவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க வழியில்லை. அதனால் நேரே சண்டைக்கு வருகிறேன். வேனுக்குள் வீடு கட்டுகிற மனிதர் இரண்டு பக்க ஜன்னல்களையும் அலமாரி அடித்து மறைப்பாரா? கட்டில் உண்டு, கேஸ் அடுப்பு உண்டு, சாமிப் படத்துக்குக்கூட ஒரு தட்டு உண்டு. வெளியே பார்க்க, பின் கதவில் ஒரே ஒரு கண்ணாடி!

"அடுத்த வருசம் உனக்குக் கடலைக் காட்டுறேன்" என்று அம்மாவிடம் வருடா வருடம் சொன்னீர்கள். பழைய வேனை வாங்கி, பலகை அறுத்து, எல்லாம் முடித்துவிட்டு, கிளம்பாமலே போய்விட்டீர்கள். ஏழு மாதமாயிற்று. உங்கள் வாக்கை நானாவது காப்பாற்றலாம் என்று போன ஞாயிறு விடிந்ததும் பதுளையிலிருந்து அம்மாவோடு புறப்பட்டேன்.

அவளை ஏற்றுவதே பெரும்பாடு.

"முன்னுக்கு வாம்மா, எல்லாம் நல்லா தெரியும்."

"முன் சீட்டு எனக்கு எதுக்கு? நான் பின்னுக்கே இருக்கேன்."

பூனாகலைத் தோட்டத்தில் நீங்கள் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிய காலமெல்லாம் முன் சீட்டு கணக்கப்பிள்ளைக்கு. உங்கள் மனைவி பின்னால், கொழுந்துச் சாக்குகளோடு. அந்தப் பழக்கம் நம் சொந்த வேனிலும் விடவில்லை. நீங்களாவது ஒரு தடவை வற்புறுத்தியிருக்கக் கூடாதா?

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அப்புத்தளையில் மூடுபனி விலகி, மலை மலையாகத் தெரிந்தது. "அம்மா, பாரு!" என்று கத்தினேன். "எங்கடி?" என்று அவள் கேட்பதற்குள் வளைவு திரும்பிவிட்டது. கொஸ்லந்த தாண்டியதும் அருவி வந்தது. நான் கடந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. "ஆமா, போயிருச்சு" என்றாள். வெல்லவாயவில் வெயில் ஏற, சுவெட்டரைக் கழற்றினாள். தேயிலையெல்லாம் முடிந்து முள்ளுக்காடு வந்தது, ரோட்டோரம் ஒரு மயில் நின்றது. "ஆமா, போயிருச்சு." எனக்குத் தலை வெடித்தது. வீட்டுக்குப் போனதும் உங்கள் அலமாரியைச் சுத்தியலால் பெயர்த்து ஜன்னலைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அம்பாந்தோட்டையில் கடலை நெருங்கியபோதும் முன்னுக்கு வர மறுத்தாள். வேறென்ன செய்ய? வேனைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டு, மணல் விளிம்பு வரை பின்னுக்கு எடுத்தேன். கண்ணாடி நிறையக் கடல். கட்டிலில் சம்மணம் போட்டபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள்.

"இது போகாதுல்ல?" என்றாள் கடைசியில்.

நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எங்கே அப்பா இருக்கிறீர்கள்?

திரும்புவதற்கு வேனை ஸ்டார்ட் செய்தேன். அம்மா இறங்கி வந்து முன் கதவைத் திறந்தாள். சீட்டில் கிடந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"பின்னுக்கு இருந்தா எல்லாம் போறதுதான் தெரியுது. போனதைப் பாத்தது போதும். நீ ஓட்டு."

அதன்பிறகு வாயே மூடவில்லை. "பஸ் வருது, மாடு வருது, மெதுவா போடி" என்று வழி முழுக்க ஒரே கூச்சல். தாங்க முடியவில்லை அப்பா.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். உங்கள் அலமாரியில் கை வைக்கமாட்டேன். அங்கே ஜன்னல் திறந்தால் அவள் மறுபடியும் பின்னுக்குப் போய்விடுவாள்.

உங்கள் வேனையும் உங்கள் மனைவியையும் சேர்த்துச் சமாளிக்கும்,
உங்கள் மூத்த மகள்