எண்ணெய் தொடாத நேர்த்திக்கடன்

சேசு மரி சூசை துணை

பாடாங் செராய்
8.7.1984

அன்புள்ள அத்தானுக்கு,

லூர்து மேரி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீங்களும் ஜித்ராவில் சுகமாய் இருக்க வேண்டுகிறேன். 'சுகம் என்று நம்புகிறேன்' என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். போன வாரம் உங்களைப் பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

இங்கே மழை நிற்கவில்லை. ரப்பர் பால் வெட்டு பாதி நாள்தான். அரிசி ஆலையில் உங்களுக்கு வேலை எப்படி, சாயங்காலம் அலோர் ஸ்டார் ஜிம்முக்குப் போக பஸ் கிடைக்கிறதா என்று பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா விசாரித்தார்கள். மே மாதம் நீங்கள் இங்கே இருந்தபோது முட்டையின் வெள்ளையை மட்டும் சாப்பிட்டு மஞ்சள் கருவை ஒதுக்குவீர்களே, அது முழுக்க அவர்கள் பிள்ளைகளுக்கும் நாய்க்கும்தானே போனது. இப்போது அந்த நாயின் முதுகு பளபளக்கிறது. "ஏம்மா மேரி, ஆணழகன் போட்டிக்குப் போறது ஒன் ஊட்டுக்காரரா, எங்க ஊட்டு நாயா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளைகள் இன்னமும் காலையில் கிண்ணத்தோடு நம் வாசலில் வந்து நிற்கின்றன. இல்லையென்று சொல்ல மனசு வராமல் ஆளுக்கொரு முட்டை அவித்துக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் வந்து போனால்தான் வீடு வீடாக இருக்கிறது.

உங்களைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. உச்சி வெயிலில் போர்வை கேட்டீர்கள். பூசையில் முழங்காலிலிருந்து எழுந்தபோது பெஞ்சைப் பிடித்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்கள். ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். களைப்பு என்றீர்கள். நானும் களைப்பு என்றே வைத்துக்கொண்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் இஞ்ஞாசிமுத்து அண்ணனிடம் கேட்டேன். "கொழுப்பைக் கொறைக்கணும்மா, சரிதான். ஒரேயடியா நிப்பாட்டினா? எண்ணெய் ஊத்தாத மோட்டார் சைக்கிள் எத்தனை மைல் ஓடும்?" என்றார். ஆண்பிள்ளைக்கு உடம்புச் சூடும் தெம்பும் அதிலேதான் ஊறுகிறது என்றும் சொல்லிவிட்டு, மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் புரிந்தது.

ஜிம் மாஸ்டர்தான் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாரோ, நீங்களும் தலையாட்டினீர்களோ என்று உங்கள் மேல் கோபமாக இருந்தேன். நேற்று உங்கள் ஜிம் சிநேகிதர் கென்னத் நம் வீட்டுக்கு வந்தபோது உண்மையைச் சொன்னார். மாஸ்டர் பொரித்ததையும் தேங்காய்ப்பாலையும் மட்டும்தான் விலக்கச் சொன்னாராம். போட்டி முடியும் வரை ஒரு சொட்டு எண்ணெய், ஒரு மஞ்சள் கரு, ஒரு துண்டு மீன்கூடத் தொடுவதில்லை என்று மாதாவைப் பெற்ற அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டது நீங்கள்தானாம். "கோப்பைக்காகவா நேர்ந்துக்கிட்டாரு?" என்று கேட்டேன். கென்னத் கூச்சத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்னம்மாளிடம் போய் யாராவது கோப்பை கேட்பார்களா அத்தான்? நம் ஜனங்கள் அங்கே எதைக் கேட்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமாக நானும் அந்தப் பிள்ளை வரத்தைத்தான் கேட்கிறேன். எனக்குச் சொல்லாமல் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். கென்னத் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை.

கேட்டதற்கு எதிராகவே உங்கள் நேர்த்திக்கடன் வேலை செய்கிறதோ என்று பயந்து, இன்று பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்த்தேன். தவக்காலத்திலேயே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருசந்தி உபவாசம் கிடையாது, உடம்பைக் கெடுக்கிற நேர்ச்சையை ஆண்டவர் கேட்கவில்லை என்றார். உங்களைத் தம்மிடம் வரச் சொன்னார். வேறு நேர்ச்சையாக மாற்றித் தருகிறாராம்: புக்கிட் மெர்தாஜாம் திருநாளில் மெழுகுவர்த்தி ஏந்திப் பவனி முழுக்க நடந்தால் போதுமாம். ஆகவே இதில் பாவம் ஒன்றும் இல்லை. பயப்படாதீர்கள்.

போட்டியை விடச் சொல்லவில்லை. வயிற்றில் கோடு விழ வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இத்தனை மாதம் அளந்து சமைத்தவள் நான். பொரித்தது வேண்டாம், தேங்காய்ப்பால் வேண்டாம். வெள்ளைக் கரு எத்தனை சாப்பிட்டாலும் அதோடு ஒரு முட்டையாவது முழுதாக இருக்கட்டும். கொழுப்புள்ள கெம்போங் மீனைப் புளியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். வீட்டில் எண்ணெய்க் கணக்கு எழுதுகிற பழக்கத்தில் உங்களுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறேன். நாளை ஜித்ரா திரும்பும் கென்னத் கையில் இந்தக் கடிதத்தோடு நல்லெண்ணெய்ப் போத்தல் கொடுத்தனுப்புகிறேன். அதன் கழுத்தில் சின்னக் கரண்டி ஒன்றை நூலில் கட்டியிருக்கிறேன். சமைத்ததன் மேல் மத்தியானம் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி. மீறவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சாமியாரைப் பார்த்த அன்றைக்கே மூடியைத் திறந்துவிடுங்கள்.

இந்தச் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். திருநாளுக்கும் லீவு கேட்டு வையுங்கள். கோப்பை வந்தாலும் வராவிட்டாலும் அன்னம்மாள் உங்களை எனக்குப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும். இரண்டு மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டேன். அந்த மலையடியில் காற்று பலமாக இருக்கும். ஒன்று அணைந்தால் மற்றதிலிருந்து பற்றவைத்துக்கொள்ளலாம். அதற்கு நாம் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
லூர்து மேரி