ராத்தாவின் துண்டுக்கு எந்த மெழுகு

ஓகஸ்ட் 4, திங்கள்
கச்சான் காற்று, அனல் வெக்கை. லேப் ஏசி இன்னும் செத்தே கிடக்கிறது. சதைத்துண்டுகளைப் பொதித்து மெல்லிசாய்ச் சீவுகிற மெழுகு வந்துவிட்டது, இரண்டு வகை. 56 பாகையில் உருகுவது மெது. 60இல் உருகுவது கடினம். எது என்று என்னையே தீர்மானிக்கச் சொல்லிவிட்டார் டொக்டர். வேறு நாளென்றால் சந்தோஷத்தில் தலைகால் புரிந்திருக்காது. இப்போது ராத்தாவின், என் சொந்த அக்காவின், துண்டும் வரிசையில். மார்புக் கட்டியில் எடுத்தது, பயறளவு. ஒன்றே ஒன்று. நான் சீவிக் கெடுத்தால் அவளை மறுபடி வெட்ட வேண்டும்.

ராத்தா போனில். தனக்குப் பயமே இல்லையாம். அதையே சொல்லிச் சொல்லிப் போனை வைத்தாள்.

செவ்வாய்
முதலில் மாட்டீரலில் பரீட்சை. இறைச்சிக்கடைக்காரரிடம் (எங்களுக்கெல்லாம் காக்கா, அண்ணன் முறை) நகமளவு கேட்டேன். "இத எப்பிடித் தங்கச்சி நிறுக்கிற?" என்றார். சும்மா தந்தார். வீட்டில் அடுப்பெரியவில்லை என்று நினைத்திருப்பார்.

வியாழன்
கடின மெழுகில் ஈரல் நாடாவாய் வந்தது. மெது மெழுகு வெக்கையில் நசிந்தது. கடினம்தான், முடிவு. டொக்டரிடம் பெருமையாய்ப் போனேன். ஈரல் எதிலும் வெட்டுப்படும், மார்பு கொழுப்பல்லவா என்றார். இது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுபடி காக்கா. மாட்டு மடி, நகமளவு. தள்ளி நின்று நீட்டினார்.

ஓகஸ்ட் 11, திங்கள்
மடி கடின மெழுகில் ஓட்டை ஓட்டையாய்க் கிழிந்தது. மெதுவில் நன்றாகவே வந்தது, ஐஸில் கிடந்தால் மட்டும். என் கணவர் மீன் வியாபாரி. கல்முனைக்குடியிலிருந்து வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டி நிறைய மீன் ஐஸ் கொண்டுவந்தார். லேப் முழுக்கச் சூரைமீன் வாசம். வாசலில் இரண்டு பூனை.

செவ்வாய்
பிஸ்மி சொல்லி ராத்தாவின் துண்டு. மெது மெழுகு. முதல் சீவல் சுருண்டது. இன்னும் கொஞ்சம் ஐஸ். பிறகு வந்தது, முழுசாக.

ராத்தாவின் அழைப்பு. எடுக்கவில்லை. டொக்டர் பார்க்கமுன் நான் என்ன சொல்ல?

வியாழன்
புற்று இல்லை. அல்ஹம்துலில்லாஹ். டொக்டரே எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். நான் அழுதேன். ராத்தா அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "நீ போன் எடுக்கல்லயா, அப்ப மௌத்துத்தான், இனிப் பொழைக்க மாட்டன் எண்டு நெனச்சி வளையல் எல்லாத்தயும் மருமகளுக்குக் குடுத்திட்டன் புள்ள. இனி எப்பிடித் திருப்பிக் கேக்கிற?"