கறிக்குக் கிடைத்தது

உடப்பு,
17.01.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே அம்மா, அப்பா, மகள், நான் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். தோகாவில் இப்போது குளிர் என்று சொன்னீர்கள். நனைந்த தலையோடு படுக்கிற பழக்கத்தை அங்கேயாவது விட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்றும் போனில் கதைத்தோம், பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "வேறென்ன?" என்று கேட்டால் எனக்கு "வேறொன்றுமில்லை" என்றுதான் வருகிறது. பக்கத்தில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பார். மகள் வர்ணிகா போனைப் பறிப்பாள். உங்கள் அறையிலும் இன்னும் மூன்று பேர். எழுத உட்கார்ந்தால்தான் எனக்குக் கதை வரும். அடுத்த வீட்டுக் கிருஷாந் இருபத்தெட்டாம் திகதி தோகாவுக்குத் திரும்புகிறான். அவன் பையில் கருவாடும் இந்தக் கடிதமும் வரும். கருவாட்டுப் பொதியை விமானம் ஏறும்வரை திறக்க வேண்டாம் என்று அவனிடம் மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

நாளைக்குக் கொழும்பில் எனக்கு நேர்முகம். தேங்காய்ப் பால், தேங்காய்த் துருவல் ஏற்றுமதி செய்கிற கம்பனி. முந்தல் இறால் பண்ணைக் காரியாலயத்தில் ஒன்பது வருடமாகக் கணக்குப் பார்த்தது போதும் என்று ஷிஹாராதான் என்னை விண்ணப்பிக்க வைத்தாள். உங்களுக்கு அவளை ஞாபகம் இருக்கும், கல்பிட்டிப் பிள்ளை, கம்பஸில் என் அறைத்தோழி. நம் கலியாணத்தில் உங்களைப் பார்த்து "மாப்பிள்ளையும் வாய் திறக்க மாட்டாரா, வீடு நடத்தப் போறது ஆரு?" என்று கேட்டவள்.

அவள் சொன்னது இதுதான். பெடியன்களும் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாக அவுஸ்திரேலியாவுக்கும் டுபாய்க்கும் போய்விட்டார்களாம். கொழும்பில் இப்போது அனுபவமுள்ள கணக்காளர்களுக்குப் பெரிய தட்டுப்பாடாம். ஒன்பது வருட அனுபவமும் தொழில்முறைப் பரீட்சை எல்லாம் சித்தியும் இருக்கிற ஒருவர் இரண்டு இலட்சத்துக்குக் கீழே வாயே திறப்பதில்லையாம். "நீ இரண்டு இருபது கேள். அவங்க குறைப்பாங்க. ரெண்டு லட்சத்துக்குக் கீழ எறங்காத" என்றாள். இங்கே எனக்கு எண்பத்தையாயிரம் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கிறீர்களா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றீர்கள். "நீ சொல்றபடி செய்வம்" என்றீர்கள். நான் "உங்கட விருப்பம்" என்றேன். நாம் இரண்டு பேரும் இப்படியே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க மாதம் முடிந்துவிடும். எண்பத்தையாயிரத்தை வைத்துக்கொண்டு என்னால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை, அத்தான். நாளைக்கு அந்த இரண்டு இருபது என் வாயிலிருந்து வந்துவிட்டால் நான் சொல்லக்கூடிய பதிலும் வேறாகிவிடும்.

சாறியைத் தேய்த்து வைத்துவிட்டேன். மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

20.01.2024

போய் வந்த அன்று இரவு நீங்கள் கேட்டபோது "ஏதோ கேட்டாங்க, ஏதோ சொன்னேன்" என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டேன். நடந்ததை இப்போது எழுதுகிறேன். சிரிக்கலாம், ஆனால் கிருஷாந்துக்கு முன்னால் சிரிக்க வேண்டாம்.

பஸ்ஸில் வழிநெடுக இரண்டு இருபது, இரண்டு இருபது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த சிங்கள அக்கா நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார். சிலாபம் தாண்டியதும், பரீட்சைக்கா போகிறாய் என்று கேட்டு ஒரு தோடம்பழம் தந்தார். ஓம், பரீட்சைதான் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நிதிப் பிரிவுத் தலைவர் அன்ரனிப்பிள்ளை என்று ஒருவர், நரைத்த மீசை. ஆட்சேர்ப்புப் பிரிவுப் பெண்மணி ஒருவர். இன்னொருவர் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். கணக்கில் கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன். பண்ணையில் இறால் நோயில் செத்துப்போனபோது அந்த நட்டத்தைக் கணக்கில் எப்படிக் காட்டினாய் என்று கேட்டார்கள். அதை விளக்கும்போது எனக்குக் கூச்சமே வரவில்லை. மீசைக்காரர் இரண்டு தரம் தலையாட்டினார்.

பிறகு அந்தப் பெண்மணி பேனையை மூடி வைத்துவிட்டு, என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

அத்தான், உங்களுக்கு எங்கள் கரை தெரியும். அப்பாவின் கரைவலையில் மடி கிழியக் கிழிய மீன் பட்டிருக்கும். றோட்டால் போகிற ஆராவது "என்ன இராசையா, மீன் எப்பிடி?" என்று கேட்டால் அப்பா வலையைப் பார்க்காமலே "கறிக்குக் கெடச்சுது" என்பார். நூறு கூடை பட்டாலும் கறிக்குத்தான். கண்ணூறு படக் கூடாது. எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தபோது, உடப்புக் கோயிலடியில் கேட்டவர்களிடமெல்லாம் "ஏதோ பாஸ் பண்ணிட்டாளாம்" என்றார். நீங்கள் பெண் கேட்டு வந்ததைக்கூட "ஆரோ வந்து போறாங்க" என்றுதான் சொன்னாராம். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் அந்நியர் மூன்று பேர் எவ்வளவு என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் காணும்" என்றேன். அதுவே போதும் என்கிற மாதிரிக் காணும் என்றுவேறு சொன்னேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நன்றி, அறிவிக்கிறோம் என்றார்கள். லிப்ற்றில் இறங்கும்போதே கணக்குப் பார்த்தேன், சரி பாதியைத்தான் கேட்டிருக்கிறேன். திரும்பி வருகிற பஸ்ஸில் உங்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். இன்னும் இரண்டு வருடம் இருங்கள் என்பதைத்தானே சொல்ல வேண்டிவரும். அதை எப்படி ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

ஸ்கூட்டியைக் காரியாலயத்தில் விட்டிருந்தேன். அதனால் முந்தலில் இறங்கினேன். சந்தியில் மீன்கார முத்தலிபு நானா சைக்கிள் பெட்டியோடு நின்றார். பாரை மீன் பளபளவென்று கிடந்தது. விலை கேட்டேன். அவர் சொன்ன விலை வழமையான விலையில் பாதிகூட இல்லை. நான் செவுளைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை, பேரம் பேசவும் இல்லை. முந்தாநாள் மீனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

பின்னால் நானா சத்தம் வைத்தார். "ஏன் மகள் போறீங்க, இது இண்டைக்குக் காலத்தால பட்ட மீன். எங்கட மகளைப் பாக்க மாப்புள வூட்டார் வாராங்க. வெள்ளென வூட்ட போகோணும் எண்டுதான் கொறச்சுச் சொன்னேன்."

நான் திரும்பி நின்றேன். அவர் எனக்குச் சொல்கிறாரா மீனுக்குச் சொல்கிறாரா என்று தெரியாத மாதிரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். "பகலெல்லாம் இதே கதைதான். கூடச் சொல்லியிருந்தா நிண்டு சண்டையாவது புடிச்சிருப்பாங்க. கொறச்சுச் சொன்னா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறாங்க."

அத்தான், எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அந்த மூன்று பேரும் பார்த்த பார்வையும், நான் நானாவின் பெட்டியைப் பார்த்த பார்வையும் ஒன்றுதான். அப்பா கறிக்கு என்று சொல்வது வேடிக்கை பார்க்கிறவனிடம். அதே மீனைக் கரையில் ஏலம் போடும்போது அவர் கறிக்கு என்றா சொல்கிறார்? வாங்க வந்தவன் கேட்டால் அவர் சொல்கிற விலையில் சிலாபத்து வியாபாரிகள் தலையில் கை வைப்பார்கள். என்னிடம் கேள்வி கேட்டவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. வாங்க வந்தவர்கள்.

மீனை வாங்கினேன். நானா கேட்டதைவிடக் கூடக் கொடுத்தேன், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏதாவது வாங்கட்டும் என்று. பிறகு பூட்டியிருந்த ஹாட்வெயார் கடையின் படியில் நின்று அந்தக் கம்பனிக்குப் போன் எடுத்தேன். கையில் மீன் பை. லொறி ஒன்று ஹோன் அடித்துக்கொண்டே நின்றது. என்னை நானே பார்த்தால் சிரித்திருப்பேன்.

அன்ரனிப்பிள்ளை சேரிடம் இணைத்துவிட்டார்கள். காலையில் வந்த சுலக்ஷனா என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே தெரியாமல் தமிழுக்கு வந்துவிட்டேன்.

"சேர், நான் சொன்ன தொகை பிழை."

"கூடச் சொல்லிட்டீங்களா, குறைச்சுச் சொல்லிட்டீங்களா?"

"குறைச்சு."

"அப்ப சரியான தொகை?"

"ரெண்டு இலட்சத்து இருபதாயிரம்."

அந்தப் பக்கம் கரகரவென்று ஏதோ கேட்டது, லைன் சரியில்லை என்று நினைத்தேன். பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். எங்களுக்குத்தான், பிள்ளை, பயமாக இருந்தது என்றார். இந்தத் தகைமையோடு இந்தத் தொகைக்கு ஒருவர் வர நினைத்தால், இருக்கிற இடத்தில் ஏதாவது சிக்கலா, விசாரித்துப் பார்ப்போமா என்று அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டிருந்தாராம். எந்த ஊர் என்று கேட்டார். உடப்பு என்றேன். ஓ, என்று மட்டும் சொன்னார். அந்த ஓவுக்குள் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வியாழக்கிழமைக்குள் அறிவிப்பதாகச் சொன்னார்.

பாரை மீன் நல்ல புது மீன். அம்மா தேங்காய்ப் பால் விட்டு ஆக்கினார். நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

26.01.2024

நேற்றுக் கம்பனியிலிருந்து போன் எடுத்தார்கள்.

இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம். ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்ப்பார்களாம். ஷிஹாரா சொன்னபடியே கொஞ்சம் குறைத்துவிட்டார்கள். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. உங்களால் நம்ப முடிகிறதா? மீன் வாங்கினால் விலை முடிந்த பிறகு மேலே ஒரு பிடி சூடை மீன் போடச் சொல்லிக் கேட்பதில்லையா, அதைப் போல நானும் கேட்டேன். கிழமையில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட வேண்டும் என்றேன். அந்தப் பெண்மணி கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தார். தேத்தண்ணி ஊற்றி முடிவதற்குள் சரி என்று வந்துவிட்டது. மார்ச் முதலாம் திகதி வேலை தொடக்கம். திங்கள் விடிய பஸ், புதன் இரவு வீடு. இரண்டு இரவும் வெள்ளவத்தையில் ஷிஹாராவோடு. வாடகை வேண்டாம் என்கிறாள், கருவாடு போதுமாம்.

வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்பாவிடம் தொகையைச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். இடுப்புச் சாறத்தை அவிழ்த்து மீண்டும் கட்டினார். பிறகு பின்பக்கத்தால் கடற்கரைக்குப் போய்விட்டார். ஒரு மணித்தியாலம் வரவேயில்லை. வரும்போது மகளுக்கு ஐஸ்கிறீம் இரண்டு, எனக்கு ஒன்று. நான் சின்னப் பிள்ளை இல்லை அப்பா என்றேன். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு சம்பளம் ஆர் குடுப்பான் என்றார்.

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. பின்னேரம் கிருஷாந்தின் அம்மா வேலிக்கு மேலால் எட்டி, கொழும்பில் வேலையாம், எவ்வளவாம் என்று கேட்டார். எங்கள் அம்மா முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "என்னத்தச் சொல்ல, பஸ் காசுக்குக் காணும்" என்றார். நான் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வர்ணிகா வந்து நான் அழுகிறேன் என்று நினைத்து என் காலைக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் அழவும் செய்தேன், ஆனால் அது சிரிப்போடு வந்தது.

நான் இல்லாத மூன்று நாளும் அவளைப் பாலர் பாடசாலைக்கு வெளிக்கிடுத்த வேண்டும். அம்மா சீப்பால் தலை இழுத்தால் வலிக்கிறதாம், அப்பாவுக்குப் பின்னல் வராது. அப்பாவின் வலையிலும் கயிறு இழுக்க ஒரு ஆள் குறைவு. போட்டுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் நீங்கள் போன காலம் போய்விட்டது, இப்போது போட்டுகளெல்லாம் ஓடுகின்றன. போட் எஞ்சின் திருத்துகிற மஸாஹிரின் கராஜில் போன கிழமையும், உங்கட மனுசன் வந்தால் வேலைக்கு வரச் சொல்லுங்க என்று கேட்டார்கள். நான், பார்ப்போம் என்று சொல்லி வந்தேன். வழக்கப்படி.

அத்தான், சாப்பாடு எப்படி என்றால் ஏதோ போகுது என்கிறீர்கள். அறை எப்படி என்றால் பரவாயில்லை என்கிறீர்கள். நீங்களும் இந்தக் கரைதானே. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அப்படியே சொல்லுங்கள். நான் வேடிக்கை பார்க்கக் கேட்கவில்லை. மாதக் கடைசியில் அந்தத் தாளில் கையெழுத்து வைக்க முன்னம் எனக்கு ஒரு போன் எடுங்கள். அம்மா வெங்காயம் உரித்தாலும் பரவாயில்லை, உங்கள் அறையில் மூன்று பேர் இருந்தாலும் பரவாயில்லை. உங்கட விருப்பம் என்று இந்தத் தரம் சொல்ல மாட்டேன். என் விருப்பத்தைச் சொல்வேன், முழுத் தொகையாக.

வரும்போது மகளுக்குத் தலை இழுக்க நல்ல சீப்பு ஒன்று வாங்கி வாருங்கள். தலை பின்னப் பழகப் போவது நீங்கள்தான்.

திரௌபதை அம்மன் துணை இருப்பாள். தலையைத் துடைத்துவிட்டுப் படுங்கள்.

உங்கள்,
சுலக்ஷனா